சிட்டத்துல நிக்கல் இல்ல

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், சாப்ட்டுட்டு கண்ணு அசருற நேரம், எங்க அக்கா மவன் சைக்கிள் கேரியர்ல யூரியா சாக்கு ஒண்ணக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கான். கூட ரெண்டு கூட்டாளிங்க. "மாமா, விண்கல்லு கெடச்சிருக்கு, நீங்கதான் பாத்துச் சொல்லணும்"ங்கான். களக்காடு பக்கம் அவங்க ஊர்க் குளத்துல வண்டல் அள்ளுறாங்க, ஜேசிபி தோண்டுன குழியில கெடந்துச்சாம். ரெண்டு கையும் சேத்துப் பிடிச்சாதான் தூக்க முடியுது, கன்னங்கரேல்னு, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு, இன்னொரு பக்கம் துரு. பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டுன காந்தத்த பக்கத்துல கொண்டுபோனா லேசா இழுக்கு. மூணு பயலுவ மொகத்துலயும் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல வேல பாக்கேன், விண்கல் பத்திப் படிக்கிறது இருபது வருஷத்து ஆச. கல்லத் திருப்பிப் பாத்ததுமே பூரா பூரா சின்னச் சின்ன ஓட்டை, உள்ளுக்குள்ள காத்து கொதிச்சு வெளிய வந்த குமிழித் தடம். விண்கல்லுல இப்படிக் குமிழி அனேகமா இருக்காது. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு, ஆனா நான் வாயால சொல்லுறதவிட பயலுவ கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாதான் மனசுல நிக்கும்னு தோணுச்சு, அதனால "நாளைக்கு சாயங்காலம் லேப்புக்கு வாங்கல"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மறுநாள் வந்தானுவ. கல்லோட ஒரு மூலைய அரம் வச்சு ராவி, பொடிய டெஸ்ட் டியூப்ல போட்டு ஆசிட்ல கரைச்சேன், இரும்பு கரைஞ்சு மஞ்சளா வந்துச்சு. அதுல கொஞ்சம் டார்டாரிக் ஆசிட், இரும்பு கலங்கி வந்து கண்ண மறைக்காம இருக்க, அப்புறம் அமோனியா, அப்புறம் டைமெத்தில்கிளையாக்சைம் நாலு சொட்டு. இரும்பு இருக்கிற விண்கல்லுன்னா நிக்கலும் இருக்கணும், அதுக்குத்தான் இந்தச் சோதனை; நிக்கல் இருந்தா செக்கச்செவேல்னு ரோஸ் கலர்ல திரியும், இல்லன்னா ஒண்ணும் ஆவாது. ஒண்ணும் ஆவல. பயலுவ நம்பல. சரின்னு என் மேசை டிராயர்ல கெடந்த பழைய தடி அஞ்சு ரூபா காச எடுத்து, அது செம்பும் நிக்கலும் கலந்து அடிச்ச காசு, அதையும் அதே மாதிரி சொரண்டிப் போட்டேன், சொட்டு விழுந்த மாத்திரத்துல டியூப் பூரா செம்பருத்திப் பூவக் கசக்கிவிட்ட மாதிரி ஆயிட்டு. ரெண்டு டியூபையும் ஜன்னல் வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல பிடிச்சுக் காட்டுனேன். அக்கா மவன் ஒரு வார்த்த பேசல, தொண்டைய செருமிக்கிட்டு "அப்போ இது என்னது மாமா"ன்னான்.

அது சிட்டம். எங்க ஆச்சி கிட்டம்னு சொல்லுவா. பழைய காலத்துல மண்ணுல உலை கட்டி, இரும்புக் கல்லையும் கரியையும் அடுக்கி, துருத்தி வச்சு ஊதி இரும்பு எடுப்பாங்கல்ல, அதுல இரும்பு ஒரு பக்கம் சேந்துரும், மிச்சம் மண்ணும் கல்லும் உருகி ஒழுகி இறுகிக் கெடக்கும், அதுதான் இது. நம்ம ஆதிச்சநல்லூர்ல தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ 1899-ல இருந்து தோண்டுனப்போ தாழியோட எத்தன இரும்புச் சாமான் வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், இரும்பு உருக்குறது இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல.

பயலுவ மொகம் தொங்கிப்போச்சு. எனக்கு அத அப்படியே விட மனசு இல்ல. ஏன்னா விண்கல்ல பத்தி இருக்கிறதுலயே பெரிய விஷயம் அந்தச் சிட்டத்துக்குள்ளயே இருக்கு. உருகும்போது யாரு எந்தப் பக்கம் போனா, அதுதான் கதை. நான் அன்னைக்கு ஏழு மணி வரைக்கும் பேசுனேன், வாட்ச்மேன் அண்ணாச்சி வந்து சாவி கேக்குற வரைக்கும். அதத்தான் இங்க எழுதுதேன்.

ஒரு கல்ல உருக்குனா இரும்பு தனியா, கல்லு தனியா பிரியுது. இரும்பு கனம், கீழ போவும். ஆனா போறப்போ தனியாப் போறதில்ல, தனக்குப் பிடிச்ச ஆளுங்கள எல்லாம் கூட்டிட்டுப் போவும். நிக்கல், கோபால்ட், தங்கம், பிளாட்டினம், இரிடியம், ஆஸ்மியம் எல்லாம் இரும்போட ஆளு. லாந்தனம், தோரியம், யுரேனியம், அலுமினியம், கால்சியம் எல்லாம் கல்லோட ஆளு. நார்வேல இருந்த விக்டர் கோல்ட்ஷ்மிட் 1920கள்லயே தனிமங்கள இப்படி இரும்பு விரும்பி, கல் விரும்பி, கந்தகம் விரும்பின்னு பிரிச்சு வச்சுட்டாரு. அதனாலதான் இரும்பு விண்கல் எத எடுத்தாலும் நிக்கல் இருக்கும், 5 சதவீதத்துக்குக் கொறஞ்சு இருக்கிறது அபூர்வம். நம்ம சிட்டத்துல நிக்கல் இல்லாததும் அதே கணக்குதான், கொஞ்சநஞ்சம் இருந்திருந்தாலும் அந்தக் கொல்லன் எடுத்துட்டுப் போன இரும்போட போயிருக்கும்.

இப்போ உருகவே உருகாத கல்லு எப்படி இருக்கும்னு பாக்கணும், அப்பதான் உருகுனது எவ்வளவு மாறியிருக்குன்னு தெரியும். பிரான்ஸ்ல 1864-ல ஒர்கேய்ங்கிற எடத்துல ஒரு கல்லு விழுந்துச்சு. ஆவியாப் போற ஐட்டங்கள விட்டுட்டுப் பாத்தா, அதுல எந்தத் தனிமம் எவ்வளவுன்னு கணக்கு சூரியனோட கணக்கோட ஒத்துப்போவுது. அதனால உலகம் பூரா லேப்ல அந்த ஜாதிக் கல்லத்தான் தராசுப் படிக்கல்லு மாதிரி வச்சுக்கிட்டு மத்தத எல்லாம் அளக்காங்க. அதுல இரிடியம் டன்னுக்கு அரை கிராம் கிட்ட இருக்கு. டன்னுக்கு ஒரு கிராம்னா அதுக்குப் பேரு 1 பிபிஎம், இனிமே அப்படியே சொல்லுதேன்.

நம்ம பக்கத்துலயே ஒண்ணு விழுந்திருக்குங்க, எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல. 1857 பிப்ரவரி 28, அன்னைக்கு மதுரை ஜில்லாவா இருந்த பகுதி, இங்கிலீஷ்காரங்க பார்னல்லீன்னு எழுதி வச்ச ஊரு. ரெண்டு கல்லு, மொத்தம் 77 கிலோ சொச்சம். பெரும்பகுதி லண்டன் மியூசியத்துல இருக்கு. அத வெட்டிப் பாத்தா கடுகு கடுகா, ரவை ரவையா உருண்டைங்க ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியா ஒரு காலத்துல உருகித் தெறிச்ச துளி, ஆனா எல்லாம் சேந்து ஒரு கல்லா ஆன பெறவு அந்தக் கல்லு உருகவே இல்ல. இரும்புத் துணுக்கு அங்கங்க அப்படியே கல்லுக்குள்ள நிக்கும், கீழ எறங்கிப் போவல. 456 கோடி வருஷமா அப்படியே இருக்கு. நான் அதோட போட்டோவத்தான் பாத்திருக்கேன், லண்டன் போனா மொத வேல அதுதான்.

சரி, உருகுன கல்லுக்கு வாரேன். இத பயலுவளுக்குப் புரிய வைக்க எனக்கு உப்பளம்தான் கை குடுத்துச்சு. எங்க தாய்மாமா ஆறுமுகநேரியில அளம் வச்சிருக்காவ. (1986-ல தூத்துக்குடி தனி மாவட்டமா பிரிஞ்சாலும் எங்களுக்கு எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லாதான்.) சின்ன வயசுல லீவுக்குப் போனா காலையில அஞ்சு மணிக்கே அளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ. கடல் தண்ணி டிகிரி மீட்டர்ல, அதாவது தண்ணியில உப்பு எவ்வளவு செறிவுன்னு காட்டுற மீட்டர்ல, மூணு, மூணரை காட்டும். பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல வச்சு வத்த வத்த மொதல்ல ஜிப்சம் படியும், 25 டிகிரி வந்தாதான் உப்பு பூக்கும். 29, 30-ஐத் தாண்ட விடமாட்டாவ, மிச்சத் தண்ணியத் தொறந்து விட்டுருவாவ. ஏன் மாமான்னு கேட்டதுக்கு விரல முக்கி என் நாக்குல தடவி விட்டாவ, அந்தக் கசப்பு இன்னைக்கு வரைக்கும் மறக்கல. மக்னீசியம். உப்பு தன்னோட கட்டத்துக்குள்ள சேக்காத சரக்கெல்லாம் கடைசித் தண்ணியில போய்ச் சேருது. புரோமைடும் அப்படித்தான், கடல் தண்ணியில லிட்டருக்கு 65 மில்லிகிராம்தான், ஆனா உப்பு பூக்க ஆரம்பிக்கும்போது தண்ணி பத்துல ஒரு பங்கா வத்தியிருக்கும், அப்போ புரோமைடு பத்து மடங்கு. அதுக்கு மேல உப்பு விழ விழ இன்னும் ஏறிக்கிட்டே போவும். ஒருத்தன் ஒரு சொட்டு கொண்டு வந்து குடுத்தா, உப்பு எவ்வளவுன்னு பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா 25 டிகிரிக்கு மேல எல்லாப் பாத்தியும் உப்பு நெறஞ்ச தண்ணிதான். புரோமைட அளந்தா எத்தனாவது பாத்தின்னு சொல்லிரலாம்.

கல்லு உருகுறதும் இதே கணக்குதான், திசை மட்டும் தலைகீழ். ஒரு கல்லு சூடாகி லேசா உருக ஆரம்பிக்கும்போது, படிகத்துக்குள்ள ஒட்டாம சங்கடப்பட்டுக்கிட்டு இருந்த லாந்தனம், தோரியம் மாதிரி ஆளுங்கதான் மொத ஆளா உருகுன குழம்புக்குள்ள ஓடி வருவாங்க. நூத்துல பத்து பங்கு உருகுனா அவ்வளவு லாந்தனமும் அந்தப் பத்து பங்குக்குள்ள வந்துரும், அப்போ பத்து மடங்கு. அஞ்சு பங்குதான் உருகிச்சுன்னா இருவது மடங்கு. இவ்வளவுதான் கணக்கு, அஞ்சாங்கிளாஸ் வகுத்தல்.

யூக்ரைட்டுன்னு ஒரு ஜாதி விண்கல். பாத்தா நம்ம எரிமலைப் பாறை மாதிரியே இருக்கும், கருப்பு பசால்ட்டு. வெஸ்டாங்கிற குறுங்கோள்ல இருந்து வந்ததுன்னு சொல்லுதாங்க, 1970-லயே டெலஸ்கோப்ல பாத்த வெஸ்டாவோட வெளிச்சமும் இந்தக் கல்லோட வெளிச்சமும் ஒத்துப்போச்சு, 2011-ல டான் விண்கலம் அங்கயே போய்ச் சுத்தி வந்து பாத்துச்சு. அந்த ஜாதியில ரெண்டு கல்லு, ஒண்ணு 1821-ல பிரான்ஸ்ல விழுந்த ஜூவினாஸ், இன்னொண்ணு 1808-ல இப்போ செக் நாடா இருக்கிற எடத்துல விழுந்த ஸ்டானர்ன். சிலிக்கா, இரும்பு, மக்னீசியம் எல்லாம் அளந்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, பிரிச்சுச் சொல்லவே கஷ்டம். ஆனா லாந்தனத்த அளந்தா ஜூவினாஸ்ல ஒர்கேய் கல்ல விட சுமார் 10 மடங்கு, ஸ்டானர்ன்ல சுமார் 20 மடங்கு! எனக்கு இத மொத மொத படிச்சப்போ ராத்திரி தூக்கம் வரல, நெசமாத்தான் சொல்லுதேன். பெரிய தலைங்க எல்லாம் ஒண்ணுபோல வேஷம் போட்டுக்கிட்டு நிக்கும்போது பிபிஎம் கணக்குல இருக்கிற ஒரு தனிமம் உண்மையச் சொல்லிருது.

1977-ல எட்வர்ட் ஸ்டால்பர் லேப்ல இந்தக் கல்லுங்கள உருக்கி, உறைய வச்சு, வெஸ்டா மாதிரி ஒரு எடத்துல கொஞ்சமா உருகுன குழம்புதான் யூக்ரைட்டுன்னு காட்டுனாரு. ஸ்டானர்ன் கம்மியா உருகுனது, ஜூவினாஸ் கூட உருகுனதுன்னு லாந்தனக் கணக்கும் அதோட சேந்துக்கிச்சு. அழகா இருந்துச்சு. ஆனா இன்னொரு கட்சி, இல்ல இல்ல, வெஸ்டா மொத்தமா உருகிக் குழம்புக் கடலாவே இருந்துச்சு, அது உறைஞ்சு உறைஞ்சு கடைசியா மிஞ்சுன குழம்புதான் யூக்ரைட்டுன்னாங்க, அதாவது நம்ம அளத்துக் கசப்புத் தண்ணி மாதிரி. 2007-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஸ்டானர்ன் வகையறா கம்மியா உருகுனதால அப்படி இல்ல, மேல வந்துக்கிட்டு இருந்த ஜூவினாஸ் மாதிரிக் குழம்புக்குள்ள ஏற்கெனவே இறுகிக் கெடந்த மேலோடு லேசா உருகிக் கலந்ததால வந்த வித்தியாசம்னு. எனக்கு இதுதான் மனசுக்குச் சரின்னு படுது, ஏன்னா அந்தக் கல்லுங்கள்ல யூரோப்பியம் மட்டும் லாந்தனம் மாதிரி மத்த அருமண் தனிமக் கூட்டத்தோட ஏறாம தனியா கொறஞ்சு நிக்கு, மேலோட்டுல பிளாஜியோகிளேஸ்ங்கிற கால்சியம் சேந்த படிகம் அத இறுக்கிப் பிடிச்சு வச்சுக்கிட்டு மிச்சத்த மட்டும் விட்டிருந்தா அப்படித்தான் வரும். யூரோப்பியம் கால்சியம் மாதிரி ரெண்டு சார்ஜோட வேஷம் போட்டுக்கிட்டு அந்தப் படிகத்துக்குள்ள பூந்துக்கும். நிலாவுல வெள்ளையா இருக்கிற மேட்டுப் பாறையில யூரோப்பியம் கூட, கருப்பா இருக்கிற பள்ளத்துப் பாறையில கொறவு, அப்பல்லோ கொண்டு வந்த கல்லுல இதப் பாத்துதான் நிலாவும் ஒரு காலத்துல குழம்புக் கடலா இருந்துச்சுங்கிற எண்ணம் பலமாச்சு.

(மணவாளக்குறிச்சி கடல்மணல்ல மோனசைட்டுன்னு எடுக்காங்கல்ல, அதுல லாந்தனமும் சீரியமும் தோரியமும் அப்படிக் குவிஞ்சு கெடக்கிறதும் இதே கணக்குதான், எந்தப் படிகமும் சேத்துக்காம கடைசி வரைக்கும் ஒதுங்கி நின்னவங்க எல்லாம் கடைசியில ஒரு குடும்பமா சேந்த எடம்.)

அடுத்து ஒரு பய கேட்டான், நல்ல கேள்வி, "சார் வெஸ்டா அவ்வளவு சின்னதா இருக்கு, அங்க எப்படி உருகுற அளவுக்கு சூடு வந்துச்சு?" வெஸ்டா குறுக்க 500 கிலோமீட்டர் சொச்சம்தான், நம்ம ஊர்ல இருந்து சென்னை போறதவிடக் கொறவு. 1955-லயே வேதியியல் விஞ்ஞானி ஹரால்ட் யூரி அந்தச் சூட்டுக்குக் காரணம் அலுமினியம்-26 ஆ இருக்கலாம்னு சொன்னாரு. ஏழு லட்சம் வருஷத்துல பாதியா கரைஞ்சு மக்னீசியம்-26 ஆ மாறிருற கதிரியக்க அலுமினியம், சூரிய மண்டலம் பொறக்கும்போது இருந்துச்சு, கொஞ்ச காலம் அடுப்பு மாதிரி எரிஞ்சுட்டு மொத்தமா தீந்துபோச்சு. 1976-ல அயெந்தேங்கிற விண்கல்லோட வெள்ளத் துணுக்குகள்ல அதோட சாம்பல் மாதிரி மக்னீசியம்-26 மிச்சத்தப் பாத்தாங்க, ஆனா அது உருகாத கல்லு. உருகுன கல்லுல அந்தச் சாம்பலப் பாத்தது நம்ம நாட்டுக்காரங்க. 1996 ஜூன் 20 ராத்திரி ராஜஸ்தான்ல பாலி மாவட்டத்துல பிப்லியா கலான்ங்கிற ஊர்ல 42 கிலோ யூக்ரைட்டு விழுந்துச்சு, அகமதாபாத் பிஆர்எல்-ங்கிற இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்துல சீனிவாசன், கோஸ்வாமி, பண்டாரி மூணு பேரும் அத ஆராய்ஞ்சு 1999-ல எழுதுனாங்க, அலுமினியம் நெறய இருக்கிற படிகத்துல மக்னீசியம்-26 கூடுதலா இருக்குன்னு. அப்போ அந்தக் குழம்பு உறைஞ்சப்போ அடுப்புல இன்னும் கங்கு இருந்திருக்கு, சூரிய மண்டலம் பொறந்து சில பத்து லட்சம் வருஷத்துக்குள்ளயே உருகி இறுகி முடிஞ்சிருச்சு. இதச் சொல்லும்போது எனக்கு எப்பவுமே நெஞ்சு நெறஞ்சு வரும்.

இரும்பு பக்கம் போனவங்க கதையும் கொஞ்சம் சொல்லணும். கல்லெல்லாம் மேல நிக்க, இரும்பு உருகி நடுவுல போய்த் தேங்கும், அப்புறம் அதுவும் மெதுவா உறையும். உறையும்போது இரிடியம் மொதல்ல உறையுற இரும்புக்குள்ள போயிரும், தங்கம் திரவத்துலயே தங்கிக்கிட்டு பின்னால வரும். கலிபோர்னியா யுசிஎல்ஏ-ல ஜான் வாசன் பல வருஷமா இரும்பு விண்கல்லுங்கள அணு உலையில வச்சு நியூட்ரான் அடிச்சு, அதுல இருந்து வார காமாக் கதிர வச்சு அளந்து அளந்து வகை பிரிச்சாரு. த்ரீ ஏபி-ன்னு ஒரு வகையில நிக்கல் 7 சதவீதத்துல இருந்து பத்தரை வரைக்கும்தான் மாறுது, ஆனா இரிடியம் சுமார் 20 பிபிஎம்-ல இருந்து 0.01 வரைக்கும் எறங்குது, ரெண்டாயிரம் மடங்கு! எல்லாம் ஒரே கோளோட ஒரே நெஞ்சு, மொதல்ல உறைஞ்ச துண்டும் கடைசியா உறைஞ்ச துண்டும். மாமா அளத்துல முதல் வாரலும் கடைசி வாரலும் மாதிரின்னு பயலுவகிட்ட சொன்னேன், ஒடனே பிடிச்சுக்கிட்டானுவ.

அரைகுறையா நின்னுபோனதும் இருக்கு. 1868-ல முல்தான் பக்கம், இப்போ பாகிஸ்தான், லோத்ரான்ல விழுந்த கல்லு. அது உருக ஆரம்பிச்சு, குழம்பு வடிஞ்சு போன பெறவு மிஞ்சுன சக்கை. லாந்தனம் மாதிரி ஆளுங்க அதுல கொறஞ்சு கெடக்கும், ஏன்னா அவங்கதான் மொத பஸ்ஸுக்கே ஏறிப் போயிட்டாங்களே.

இதெல்லாம் சொல்லி முடிச்ச அடுத்த ஞாயித்துக்கெழம மூணு பயலுவளையும் ஆறுமுகநேரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மாமாவுக்கு இப்போ எழுவத்தஞ்சு வயசு, இன்னும் காலையில அளத்துலதான் நிப்பாவ. "என்ன மருமவனே, பட்டாளத்தோட வந்திருக்க"ன்னாவ. விஷயத்தச் சொன்னதும் அவுகளே பாத்தி பாத்தியா நடந்து, மீட்டர முக்கிப் பாத்து, உப்பு பூக்க ஆரம்பிச்ச தண்ணி ஒரு பாட்டில், தொறந்து விடப்போற கசப்புத் தண்ணி ஒரு பாட்டில்னு பிடிச்சுக் குடுத்தாவ. திரும்பி வார வழியில காயல்பட்டினத்துல எறங்கி கடல் தண்ணி ஒரு பாட்டில்.

திங்கக்கெழம லேப்ல மூணு டியூப். ஒவ்வொண்ணுலயும் குளோரின் தண்ணி கொஞ்சம், மேல ஹெக்சேன், குலுக்கி நிப்பாட்டுனா ஹெக்சேன் மேல மெதக்கும், புரோமின் இருந்தா அதுல ஏறி நிக்கும். கடல் தண்ணி டியூப்ல ரொம்ப உத்துப் பாத்தாதான் லேசா ஒரு மஞ்சள் சாயல். ரெண்டாவது நல்ல மஞ்சள். மூணாவது, கசப்புத் தண்ணி, பழுத்த பனம்பழத்து உள்பக்கம் மாதிரி ஆரஞ்சு. பயலுவ மூணு பேரும் மாத்தி மாத்தி மூஞ்சிய டியூப் பக்கத்துல கொண்டுபோய்ப் பாத்தானுவ. எல்லாம் ஒரே கடல் தண்ணி போலத்தான் இருக்கும், கண்ணுல பாத்தா.

அக்கா மவன் கொஞ்ச நேரம் பேசாம நின்னான். அப்புறம் ஜன்னல் ஓரத்துல நான் வச்சிருந்த அவன் கல்லப் பாத்துட்டு, "மாமா, அப்போ இந்தச் சிட்டத்துக்குள்ள, இரும்பு வேண்டாம்னு விட்டுட்டுப் போனதெல்லாம் இருக்கும்லா? லாந்தனம், தோரியம் எல்லாம்?"ன்னான்.

இருக்கும் மாப்ள, கொஞ்சமாவது இருக்கும், கல்லு பக்கத்து ஆளுங்க எல்லாம் இதுலதான் இருப்பாங்கன்னேன்.

அவன் அந்த யூரியா சாக்க எடுத்து, கல்ல அதுக்குள்ள வச்சு, வாய இறுக்கிக் கட்டி, சைக்கிள் கேரியர்ல ஏத்திக்கிட்டான்.